பயனாளியின் படம்

எங்கள் கல்லூரியில் படம் எடுக்காமல் எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை. மரம் நட்டால் படம், ரத்தம் கொடுத்தால் படம், கை கழுவுவதற்குக்கூட ஒரு நாள் குறித்து அதற்கும் படம். தர மதிப்பீட்டுக் குழு என்று ஒன்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். வந்தால் கேட்கும், கேட்டால் காட்ட வேண்டும். சும்மா எடுத்த படமும் செல்லாது. எடுத்த இடத்தின் பெயரும் குட்டி வரைபடமும் நேரமும் படத்தின் அடியிலேயே ஒரு கறுப்புப் பட்டையாக விழுந்திருக்க வேண்டும். அதற்கென்று செல்போனில் ஒரு செயலி உண்டு. எங்கள் ஆசிரியர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் வகுப்பு மாணவர்களின் பெயர் தெரியாது. அந்தச் செயலி தெரியாத ஆசிரியர் மட்டும் ஒருவரும் கிடையாது.

நான் அங்கே சுயநிதிப் பிரிவில் கணினிப் பாடம் எடுக்கிறவன். சுயநிதி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் உட்கார்ந்து பேசும் அறையில் நாங்கள் நின்றுகொண்டு பேசுவோம். ஆண்டுக்கு ஆண்டு ஜூன் மாதத்தில் வேலையைப் புதுப்பித்துத் தருவார்கள், தராமலும் இருப்பார்கள். பாடம் நடத்தத்தான் என்னை எடுத்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியின் வலைத்தளத்தைக் கட்டி மேய்ப்பதற்கு என்பது சேர்ந்த கொஞ்ச நாளிலேயே விளங்கிவிட்டது. சும்மா கிடைத்தால் எனக்கொன்று, எங்கப்பனுக்கொன்று என்பார்கள். எங்கள் கல்லூரி அந்த ரகம்.

ஒவ்வொரு துறையும் தன் நிகழ்ச்சி அறிக்கையைத் தானே எழுதிப் போட்டுக்கொள்வதற்காக வலைத்தளத்தில் ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தேன். பார்ப்பதற்குக் கடிதம் தட்டச்சு செய்கிற பக்கம் மாதிரியே இருக்கும். மேலே வரிசையாகப் பொத்தான்கள். எழுத்தைத் தடிமனாக்க ஒன்று, வரியை நடுவில் நிறுத்த ஒன்று, இப்படி. அந்த வரிசையின் கடைசியில் சின்னதாக மலையும் சூரியனும் வரைந்த ஒரு பொத்தான். அதை அழுத்திப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் அது கிளம்பிக் கல்லூரியின் சர்வருக்குப் போகும். சர்வர் அதை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, இன்ன இடத்தில் வைத்திருக்கிறேன் என்று ஒரு முகவரியைத் திருப்பி அனுப்பும். அந்த முகவரி அறிக்கைக்குள் போய் உட்காரும். பிறகு உலகத்தில் யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் படம் தெரியும்.

அந்த மலைப் பொத்தானை மட்டும் ஒருவரும் தொட மாட்டார்கள். செல்போனில் எடுத்த படங்கள் தாமாகவே அவரவர் மின்னஞ்சல் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும். கணினியில் அதைத் திறப்பார்கள், படத்தை நகல் எடுப்பார்கள், கொண்டுவந்து என் பக்கத்தில் ஒட்டுவார்கள். ஒட்டியவுடன் படம் பளிச்சென்று தெரியும். வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள். உண்மையில் படம் வந்திருக்காது. அது அவர் கணக்குக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும், அதன் முகவரி மட்டும்தான் வந்திருக்கும். பீரோவில் இருக்கிற பட்டுப்புடவையைப் போய்ப் பார்த்துக்கொள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுச் சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொள்வது போலத்தான் இது. சாவி தன்னிடம் இருப்பதால் அவருக்குப் படம் தெரியும். மற்றவர்களுக்கு ஒரு வெற்றுக் கட்டமும், அதன் மூலையில் கிழிந்த காகிதம் மாதிரி ஒரு சின்னமும்தான் தெரியும்.

இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: எனக்குத் தெரியுதே. துறைத் தலைவர்கள், முனைவர் பட்டம் வாங்கியவர்கள், பிறருடைய ஆய்வேட்டைத் திருத்துகிறவர்கள் எல்லோரும் தங்கள் திரையில் தெரிவது ஊருக்கே தெரியும் என்று சத்தியம் செய்வார்கள். ஒட்டினால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும்படி ஒருமுறை செய்து பார்த்தேன். மூத்த ஆசிரியர்கள் மனம் புண்படுகிறது, அந்தச் சிவப்பை எடுத்துவிடுங்கள் என்று முதல்வர் அழைத்துச் சொன்னார். எடுத்துவிட்டேன். அதன்பிறகு வெற்றுக் கட்டம் வரும்போதெல்லாம் நானே ஒவ்வொருவராகப் பின்னால் போய்க் கெஞ்சிப் படத்தை வாங்கி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த மார்கழி வெள்ளம் வந்தபோது நான் மனைவி பிள்ளையோடு பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்தேன். அம்மா ஊரில் தனியாக இருந்தாள். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே வாழைத்தோட்டங்களுக்குள் இருக்கிற ஊர். அங்கேயே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா காலமான பிறகு என்னோடு வந்து இருக்கச் சொன்னேன். உன் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரிகிறது என்று சொல்லிவிட்டாள்.

மழை ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் கொட்டியது. முற்றத்தில் தண்ணீர் ஏறுகிறது, அரிசிப் பானையைப் பரணில் வைத்துவிட்டேன் என்று அம்மா போனில் சொன்னாள். பேச்சு பாதியில் அறுந்தது. அதற்குப் பிறகு அவளுடைய எண் அணைந்தே கிடந்தது. ஊரில் எனக்குத் தெரிந்த எண்கள் எல்லாமே அணைந்து கிடந்தன. மழை விட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கருங்குளம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலை இல்லை. சாலை இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் என்னைத் திட்டித் திருப்பி அனுப்பினார். அவர் மேல் தப்பில்லை. நான் சொல்லிக்கொண்டிருந்த வழியில் அன்றைக்கு மீன்தான் போயிருக்க முடியும்.

வல்லநாடு வழியாகச் சுற்றிப் போகலாம் என்று தெரிந்த அன்று கல்லூரியிலிருந்து நிவாரண வேன் ஒன்று கிளம்பியது. முதல்வர் தன் காரில் முன்னால் போவதாக ஏற்பாடு. சேவைப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த வரலாற்றுத் துறைக்காரர் மாணவர்களோடு வேனில் போவார். வேன் எங்கள் ஊர்ப் பக்கம்தான் போகிறது என்று கேள்விப்பட்டு நானும் ஓடினேன். அம்மாவைப் பற்றித் தகவல் இல்லை, நானும் வருகிறேன் என்று முதல்வரிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டு மிகவும் அன்பாகப் பேசினார். வேனில் இடம் இல்லையாம். தவிர, நான் கிளம்பிவிட்டால் படங்களை யார் ஏற்றுவது? வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் வலைத்தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்களாம். அம்மாவைத் தாங்களே விசாரித்துவிடுவதாகவும் சொன்னார். அந்த இடத்தில் அவர் கையைத் தட்டிவிட்டு வேன் கூரையிலாவது ஏறியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றியது அம்மாவின் பெயரையும் தெருவையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி வரலாற்றுக்காரரின் சட்டைப் பையில் வைப்பது மட்டும்தான்.

மத்தியானம் தாண்டி அவரிடமிருந்து போன் வந்தது. தன் போன் அணைந்துவிட்டதால் மாணவன் ஒருவனின் போனில் பேசினார். டீச்சர் வீடு கழுத்தளவு தண்ணீரில் கிடக்கிறதாம், வீட்டில் ஆள் இல்லையாம், ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லையாம். வேறு எங்கேயாவது போயிருப்பார்கள், கவலைப்படாதேயும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கழுத்தளவு என்று ஒருவர் சொன்ன பிறகு கவலைப்படாமல் இருப்பது எப்படி என்பதையும் அவரே சொல்லியிருக்கலாம்.

கணினி ஆய்வகத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அறிக்கை வந்தது. வேனில் இருந்தபடியே மடிக்கணினியில் அடித்திருக்கிறார். தலைப்பு, தேதி, கலந்துகொண்டோர், முதல்வர் ஆற்றிய உரையின் சுருக்கம் எல்லாம் அதில் இருந்தன. ஊரே மிதக்கும்போது இவர் உரை ஆற்றியிருக்கிறார். அதற்குக் கீழே எங்கள் ஊரின் பெயரைப் போட்டு, ‘பள்ளி வளாகத்தில் தங்கியுள்ள முதியோருக்கு நிவாரணப் பை வழங்கும் முதல்வர்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு மேலே வெற்றுக் கட்டங்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக, எல்லாவற்றின் மூலையிலும் அந்தக் கிழிந்த காகிதம்.

எத்தனையோ முறை பார்த்துச் சலித்த கட்டம்தான். அன்றைக்கு நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கள் ஊரில் முதியோர் என்று எண்ணினால் எத்தனை பேர் இருப்பார்கள்? பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிற முதியோர் என்றால் அதிலும் கொஞ்சம் பேர்தான். அம்மா அந்தக் கட்டங்களில் ஒன்றுக்குள் இருக்கலாம், எதிலும் இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் உயிரோடு இருக்கிறாள். இது தெரிய வேண்டிய இடத்தில் எனக்கு ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்துகொண்டிருந்தது. மாணவனின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். பல தடவை கூப்பிட்ட பிறகு எடுத்து அவரிடம் கொடுத்தான்.

“சார், படம் ஒண்ணும் தெரியல்ல.”

“என்னவே சொல்லுதீரு? எனக்குப் பளிச்சுன்னு தெரியுதே.”

“உங்களுக்குத்தான் சார் தெரியும். நீங்க ஒட்டியிருக்கீங்க. அந்த மலைப் பொத்தான அமுக்கி ஏத்துங்க.”

“இங்கன பாத்துக்கிட்டே சொல்லுதேன், எல்லாப் படமும் அம்சமா இருக்குவே. உம்ம கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு.”

என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. எங்க அம்மா அதுல இருக்காளான்னு பாக்கணும் சார் என்று கத்தினேன். பிறகு அவர் பைய, ஏதோ பிள்ளையிடம் பேசுவது போல, சொல்லும், என்ன செய்யணும் என்று கேட்டார். படத்தை முதலில் உங்கள் கணினியில் இறக்குங்கள் என்றேன். எங்கே இறக்குவது என்றார். சொன்னேன். இறங்கிவிட்டது, எங்கே போயிற்று என்று தெரியவில்லை என்றார். தேடச் சொன்னேன். கண்டுபிடித்தார். பொத்தான் வரிசையில் கடைசியாக மலையும் சூரியனும் இருக்கும் என்றேன். ஆமா, இருக்கு, இத்தனை நாளாக இதை நான் ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன் என்றார். சிக்னல் போய்ப் போய் வந்தது. ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி நிறுத்தினார். அந்த ஒரு காரியத்துக்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு நன்றி உண்டு.

முதலில் ஏறிய படத்தில் பேனர் இருந்தது. கல்லூரியின் பெயரும், அதைவிடப் பெரிய எழுத்தில் கல்லூரியை நடத்துகிற செயலரின் பெயரும். இரண்டாவதில் மாணவர்கள் வரிசையாக நின்று கட்டைவிரலை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. முதலில் ஓட்டுக்கூரையின் விளிம்பு, பிறகு வகுப்பறைச் சுவரில் எழுதியிருந்த வாய்ப்பாடு, பிறகு முதல்வரின் தலை, அதன்பிறகு ஒரு நரைத்த தலை. நெற்றி வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. யாருடையதோ ஒரு பெரிய சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு அம்மா நின்றாள். இரண்டு கையாலும் ஒரு துணிப்பையைப் பிடித்துக்கொண்டு, முதல்வரைப் பார்க்காமல் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாகக் கறுப்புப் பட்டையில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. மேசையில் தலையை வைத்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. போனை வைக்க மறந்திருந்தேன். அந்தப் பக்கத்தில் வரலாற்றுக்காரர், இருக்காங்களாவே, இருக்காங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் துண்டுத்தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர்தான் அந்தப் படத்தை எடுத்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் வல்லநாடு சுற்றி, பைக்கைப் பாதித் தூரம் தள்ளி, ஊர் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூட வராந்தாவில் ஈரச் சாக்குகளை உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்த்த அதே பள்ளிக்கூடம். என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை, அழவுமில்லை. நான் வருவேன் என்று தெரிந்தவள் போல, பைய வாய்யா, சகதி வழுக்கும் என்றாள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். பள்ளிவாசலில் பெரிய வட்டாவில் ஆக்கிப் போட்டார்களாம். யார் வீடு, எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லையாம். எங்கள் கல்லூரிப் பையில் என்னென்ன இருந்தது என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் சாக்கை உதறுவதை நிறுத்தவில்லை.

“எனக்கு எங்க கெடச்சுது? இங்கன நில்லுங்க பாட்டின்னாவ, நின்னேன். கையில ஒரு பை குடுத்தாவ, பிடிச்சேன். படம் எடுத்துட்டு அத வாங்கிக்கிட்டாவ. வண்டிக்குப் பொறத்தால போயி வாங்கிக்கோங்கன்னாவ. நான் போறதுக்குள்ள வண்டி காலி.”

அவளை ஓர் உறவுக்காரர் வீட்டு மாடியில் தங்கவைத்துவிட்டு எங்கள் வீட்டில் சேறு அள்ளினேன். சேற்றை அள்ள அள்ள என் கோபமும் ஏறிக்கொண்டே வந்தது. பாளையங்கோட்டைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த அறிக்கையைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு காது அறுந்த துணிப்பை ஒன்று எல்லாப் படத்திலும் இருந்தது. கிழவர்கள், கிழவிகள், கைக்குழந்தையோடு ஒரு பெண் என்று ஆட்கள் மாறிக்கொண்டே வந்தார்கள், பை மட்டும் மாறவில்லை. யாரும் திட்டம் போட்டுத் திருடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் பை எடுத்துக் கொடுத்துப் படம் எடுத்தால் நேரமாகும் என்று ஒரே பையை வைத்து முதலில் படத்தை முடித்திருக்கிறார்கள். அதற்குள் கையில் வலுவுள்ளவர்கள் வண்டிக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். படத்துக்கு நிற்கிற அளவு பொறுமை உள்ளவர்களுக்குப் பை கிடைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் வயிறு எரிவதற்கு அதற்குமேல் எதுவும் நடக்க வேண்டியதில்லை.

அதற்குள் அம்மாவின் படம் கல்லூரி வலைத்தளத்தின் முகப்புக்கே வந்திருந்தது. திறந்தவுடன் திரை முழுக்க அவள்தான். கீழே, ‘துயர் துடைக்கும் கரங்கள்’. நான் முகப்பைத் திருத்துகிற பக்கத்துக்குப் போய் அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். மத்தியானம் பார்த்தால் திரும்பவும் இருந்தது. பக்கத்திலிருந்து நீக்கினாலும் சர்வரில் ஏறின படம் அங்கேயேதான் கிடக்கும். மலைப் பொத்தானை அழுத்தினால் பழைய படங்களின் வரிசையில் அதுவும் தலைகாட்டும். வரலாற்றுக்காரர்தான் எடுத்துப் போட்டிருக்கிறார். படம் எப்படியோ கீழே விழுந்துவிட்டது, நானே ஏற்றிவிட்டேன், ஒட்டவில்லை, முறையாக ஏற்றினேன் என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார். பாராட்டை எதிர்பார்த்து நின்றார். நேரே முதல்வர் அறைக்குப் போனேன்.

படத்தை எடுத்துவிடலாம் என்றேன். ஏன், நன்றாக வந்திருக்கிறதே, அந்த முகத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது, செயலரே போன் செய்து பாராட்டினார் என்றார் முதல்வர்.

“அது எங்க அம்மா சார்.”

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்து நான் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு. பயனாளி கருத்து ஒண்ணு வேணும்னு தேடிக்கிட்டு இருந்தோம். நீங்களே எழுதி வாங்கிட்டு வந்துருங்க.”

அவளுக்குப் பை கிடைக்கவில்லை என்று சொன்னேன். காது அறுந்த பையைப் பற்றியும் சொன்னேன். குரல் உயராமல் பார்த்துக்கொண்டேன். அவரும் குரல் உயராமல்தான் பதில் சொன்னார். விநியோகம் என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும், அம்மா வந்து நின்றார்கள் அல்லவா, மதிப்பீட்டுக்கு அது போதும் என்றார். மேசை இழுப்பறையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். வரப்போகிற ஜூனில் சுயநிதிப் பிரிவில் சிலரைக் குறைக்க வேண்டியிருக்கிறது, உங்களைப் போன்றவர்களை விடக் கூடாது என்று செயலரிடம் சொல்லியிருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னார். மிரட்டினார் என்று அதைச் சொல்ல முடியாது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் ஊருக்குப் போனேன். அம்மா அதற்குள் எங்கள் வீட்டுக்கே திரும்பியிருந்தாள். முற்றத்தில் பாத்திரங்களைக் குவித்துப் போட்டு வண்டல் போகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முகப்பில் படம் போட்டது, எடுத்தது, திரும்ப வந்தது, முதல்வர் சொன்னது, தாள். இந்த வேலையும் வேண்டாம், இவர்கள் சங்காத்தமும் வேண்டாம், நாளைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றேன்.

“எழுதிக் குடுத்துட்டு?” என்றாள்.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை என்று அவள் ஒன்றும் அடுக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு முந்தானையில் துடைத்தாள். கொண்டா அதை என்றாள்.

வராத பிள்ளைக்கு வந்ததாக வருகை போட மாட்டேன் என்று ஆய்வுக்கு வந்த அதிகாரியோடு மல்லுக்கு நின்றவள் அவள். அதனால் வேற்றூருக்கு மாற்றல் வாங்கி, சில வருஷம் பஸ்ஸில் போய் வந்து கஷ்டப்பட்டவள். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். தாளைத் தள்ளிப் பிடித்து வாசித்தாள். இந்த உதவியால் உங்கள் வாழ்வில் ஏற்பட்ட மாற்றம் என்ன என்று ஒரு கேள்வி இருந்தது.

“என்ன மாத்தம்லே வந்துச்சு?” என்று கேட்டாள்.

வேண்டாம்மா, விடு என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவள் கேட்கவில்லை. முழங்காலில் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் தாளை வைத்து, கரும்பலகையில் எழுதுவது போலக் குண்டு குண்டாக எழுதினாள். ‘கல்லூரி வழங்கிய நிவாரணப் பையைத் தக்க சமயத்தில் பெற்றுக்கொண்டேன். நன்றி.’ கீழே முதலெழுத்தோடு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எனக்கு அவள் மேல்கூடக் கோபம் வந்தது. அவளை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான் என்பதால் அந்தக் கோபத்தை அவளிடம் காட்டவும் முடியவில்லை.

“இதுக்கும் படம் உண்டுமா?”

உண்டு. பயனாளி கருத்து எழுதுகிற படம், அடியில் பட்டையோடு. முதல்வர் அதையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நான் அதைச் சொல்லாமல் இருந்தேன். அவளே புரிந்துகொண்டு, தாளைக் கையில் பிடித்தபடி சுவரோரமாகப் போய் நின்றாள். நான் செல்போனை எடுத்தேன். தூக்க முடியவில்லை.

“எடுலே” என்றாள். “அன்னைக்கு மட்டும் என்ன, பைக்காகவா போயி நின்னேன்? பேனர்ல உன் காலேஜ் பேரு இருந்துச்சு. ஒரு வார்த்த சொல்லி விடலாம்னா நின்னு கேக்க ஆள் இல்ல. படத்த நீதான ஏத்துவ. நீ பாப்பியேன்னு நின்னேன்.”

எடுத்தேன். பட்டையில் எங்கள் தெருவின் பெயர் விழுந்தது. அந்தப் படத்தையும் சர்வரில் நான்தான் ஏற்றினேன். கீழே பயனாளி என்று போட்டேன்.